இரண்டு கண்களும் கொஞ்சம் சாக்லேட்டும்: ஹாலோவீன் விருந்துக்கு எளிய பேய் இனிப்புகள்

அக்டோபர் 31 நெருங்கும்போது இணையத்தில் வரும் ஹாலோவீன் இனிப்புப் படங்களைப் பார்த்தால், சமையல் தெரிந்தவர்களுக்கே கொஞ்சம் மலைப்பாக இருக்கும். மூன்றடுக்குக் கேக், சர்க்கரையில் செதுக்கிய மண்டை ஓடு, ஏழெட்டு நிறங்களில் கிரீம். அவற்றைப் பார்த்துவிட்டு "இதெல்லாம் நமக்கு வராது" என்று ஒதுங்கிவிடாதீர்கள். பயம் காட்ட அலங்காரம் தேவையில்லை, கண்கள் போதும். பழைய காலத்தில் ஹாலோவீன் இரவுக்கு அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் அதற்குப் பதில் பூசணிக்காயைக் குடைந்தார்கள். இரண்டிலும் செய்த வேலை ஒன்றுதான்: இரண்டு கண், ஒரு வாய். காய் முகமாகிவிட்டது.

இங்கே சொல்லப்போகும் ஐந்து இனிப்புகளும் அந்த வழியில் செய்பவைதான். ஓவன் வேண்டாம், முட்டை அடிக்க வேண்டாம். சாக்லேட்டைப் பக்குவமாக உருக்கத் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. அதனால் அதை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வாங்க வேண்டியவை

வெள்ளை சாக்லேட் 400 கிராம், டார்க் சாக்லேட் 300 கிராம், நீளவாக்கில் இருக்கும் சாதாரண பிஸ்கட் 20, சாக்லேட் பிஸ்கட் 350 கிராம், நீள்வட்ட பிஸ்கட் 8, கன்டென்ஸ்டு மில்க் ஒரு டின், வாழைப்பழம் 4, பால் அரை லிட்டர், கோக்கோ தூள், சோள மாவு, சர்க்கரை, வாசனை இல்லாத சமையல் எண்ணெய் சிறிது. கருவிகள் என்றால் பட்டர் பேப்பர், பல்குத்தும் குச்சி, ஐஸ்கிரீம் குச்சி, தடித்த பிளாஸ்டிக் பை இரண்டு மூன்று. பைப்பிங் பை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பிளாஸ்டிக் பையின் ஒரு மூலையை ஊசிமுனை அளவுக்கு வெட்டினால் அதே வேலையைச் செய்யும்.

சாக்லேட் வாங்கும்போது உறையைப் படியுங்கள். கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்தது காம்பவுண்டு சாக்லேட். சுவையில் அசலுக்கு ஒரு படி கீழேதான். ஆனால் உருக்கி ஊற்றினால் தானாகவே இறுகிப் பளபளப்பாக நிற்கும். அசல் சாக்லேட்டை அப்படி நிறுத்த, வெப்பநிலையை ஏற்றி இறக்கிப் பதப்படுத்த வேண்டும். முதல்முறை செய்பவர்களுக்கு, மேல்பூச்சுக்குக் காம்பவுண்டு வகையையே சிபாரிசு செய்வேன். அசலைப் பதப்படுத்தாமல் பயன்படுத்தினாலும் கெடுதல் இல்லை. மேலே சாம்பல் நிறத் திட்டுகள் படரலாம், அவ்வளவுதான். அது பூஞ்சை அன்று, மேலே வந்து உறைந்த கொழுப்பு.

சாக்லேட் உருக்குவது

சாக்லேட்டைச் சிறு துண்டுகளாக நறுக்குங்கள். துண்டுகள் ஒரே அளவாக இருந்தால் ஒரே நேரத்தில் இளகும். ஒரு பாத்திரத்தில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் விட்டுச் சூடாக்குங்கள். கொதி வரும்போது அடுப்பை அணைத்துவிட்டு, அதன்மேல் பொருந்தும் கிண்ணத்தில் சாக்லேட்டைப் போட்டு வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. இரண்டு நிமிடம் கை வைக்காமல் விட்டு, பிறகு மெதுவாகக் கிளறுங்கள். முக்கால் பங்கு இளகியதும் கிண்ணத்தை வெளியே எடுத்துவிடுங்கள். மீதியை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும்.

மைக்ரோவேவில் செய்வதென்றால் பாதித் திறனில் முதலில் 30 விநாடி, அதன்பின் 15 விநாடிகளாக வைத்து, ஒவ்வொரு முறையும் எடுத்துக் கிளறுங்கள். உள்ளே சாக்லேட் இளகிய பிறகும் வெளியே துண்டு துண்டாகவே தெரியும். கண்ணால் பார்த்து "இன்னும் ஆகவில்லை" என்று மறுபடி வைத்தால் தீய்ந்துவிடும். கிளறிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். வெள்ளை சாக்லேட்டில் பால் சத்தும் சர்க்கரையும் அதிகம் என்பதால் அது டார்க் சாக்லேட்டைவிடச் சீக்கிரம் அடிபிடிக்கும். அதை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் போக விடாதீர்கள். கிண்ணத்தை வெளிப்புறம் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சுடக்கூடாது.

சாக்லேட்டுக்குப் பகை தண்ணீர். ஈரக் கரண்டி, கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டிய நீராவித் துளி, இவையே போதும். சொட்டுத் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள சர்க்கரையும் கோக்கோவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வழவழப்பாக இருந்தது சட்டெனச் சொரசொரப்பான கட்டியாகிவிடும். அப்படி ஆனதைக் கொட்டிவிடாதீர்கள். சூடான பாலைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்துக் கிளறினால் நல்ல சாக்லேட் குழம்பு கிடைக்கும். ஆனால் அது இறுகாது, கடைசியில் வரும் கல்லறைக் கோப்பைப் புட்டிங்மேல் ஊற்றிக்கொள்ளலாம். நிறம் சேர்ப்பதிலும் இதே கவனம் வேண்டும். நீரில் கரைத்த உணவு நிறம் சாக்லேட்டைக் கட்டியாக்கிவிடும், எண்ணெயில் கலக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் வேலை: கண்கள்

கண்களை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ள வேண்டும். பட்டர் பேப்பரில் உருகிய வெள்ளை சாக்லேட்டைச் சிறு சிறு பொட்டுகளாக விடுங்கள். ஒரு பொட்டு அரை சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். பத்து நிமிடம் குளிர வைத்துவிட்டு, பல்குத்தும் குச்சியின் முனையை டார்க் சாக்லேட்டில் தொட்டு, ஒவ்வொன்றின்மேலும் கருவிழி வையுங்கள். நூறு கண்கள் செய்தால் எல்லாவற்றுக்கும் போதும், உடைபவைக்கும் சேர்த்து.

கருவிழி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து முகத்தின் குணமே மாறும். நட்டநடுவில் வைத்தால் வெறித்துப் பார்க்கும். இரண்டையும் மூக்கை நோக்கித் தள்ளினால் பயந்த முகம். ஒன்று மேலேயும் ஒன்று பக்கவாட்டிலும் பார்த்தால் பித்துப் பிடித்த முகம். கருவிழி சிறிதாக, வெள்ளை அதிகமாகத் தெரியும் கண்தான் அதிகம் மிரட்டும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி செய்யாமல் கலந்து வையுங்கள். குழந்தைகளை உதவிக்கு அழைப்பதானால் இந்த வேலைக்கு அழையுங்கள். அவர்கள் கோணல்மாணலாக வைக்கும் விழிகள் நம்முடையவற்றைவிட நன்றாக அமையும்.

மம்மி பிஸ்கட்

மம்மி என்றால் துணி சுற்றிப் பதப்படுத்திய எகிப்தியப் பிணம். நீள பிஸ்கட்டின் மேல்பகுதியில் இரண்டு சொட்டு சாக்லேட் வைத்து முதலில் கண்களை ஒட்டுங்கள். பிறகு வெள்ளை சாக்லேட்டைப் பையில் நிரப்பி, மூலையை வெட்டி, பிஸ்கட்டின் குறுக்கே இடமும் வலமுமாகக் கோடு இழுங்கள். கோடுகள் இணையாக இருக்க வேண்டாம். சுற்றிய துணி போலத் தெரிய, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போக வேண்டும். ஐந்து நிமிடம் இறுக விட்டு, மேலே இன்னொரு சுற்று இழுத்தால் கனம் கிடைக்கும். அந்த இரண்டாம் சுற்றில் ஒரு கோடு கண்ணின் ஓரத்தைச் சற்றே மறைக்கட்டும். கட்டுக்குள் இருந்து யாரோ எட்டிப் பார்ப்பது போல ஆகிவிடும். இந்த ஐந்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வாழைப்பழப் பேய்

பழுத்தும் குழையாத பழமாகப் பாருங்கள். தோலுரித்து, குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தில் ஐஸ்கிரீம் குச்சியைச் செருகி, ஃப்ரீசரில் மூன்று மணி நேரம் வையுங்கள். 200 கிராம் வெள்ளை சாக்லேட்டை இரண்டு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்து உருக்கி, உயரமான டம்ளரில் ஊற்றிக்கொள்ளுங்கள். பழத்தின்மேல் படிந்த பனித்துகளைத் துடைத்துவிட்டு, முக்கி எடுத்து, சொட்டுவது நிற்கும் வரை பிடியுங்கள். பழத்தின் குளிர்ச்சியில் சாக்லேட் ஒரு நிமிடத்துக்குள் இறுகிவிடும். இதற்கு மட்டும் நாம் செய்து வைத்த கண்கள் பொருந்தாது. வெள்ளை உருவத்துக்குக் கண் கறுப்பாகக் குழிந்து தெரிய வேண்டும். டார்க் சாக்லேட்டைக் குச்சியால் தொட்டு இரண்டு நீள்வட்டக் கண்களும், அலறுவது போலத் திறந்த வாயும் வரையுங்கள். பரிமாறும் வரை ஃப்ரீசரிலேயே இருக்கட்டும்.

சிலந்தி உருண்டை

சாக்லேட் பிஸ்கட் 200 கிராமை மிக்ஸியில் பொடித்து, ஒரு மேசைக்கரண்டி கோக்கோ தூள் கலந்து, கன்டென்ஸ்டு மில்க்கைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசையுங்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், கையில் ஒட்டக்கூடாது. ஏறக்குறைய 100 கிராம் பிடிக்கும். மொத்தத்தையும் ஒரேயடியாக ஊற்றிவிட்டால் உருண்டை தட்டையாக உட்கார்ந்துவிடும். 3 சென்டிமீட்டர் உருண்டைகளாக உருட்டி, துருவிய டார்க் சாக்லேட்டில் புரட்டுங்கள். ரோமம் அடர்ந்த உடம்பு தயார்.

கால்களுக்கு, உருகிய டார்க் சாக்லேட்டைப் பட்டர் பேப்பரில் நடுவில் மடங்கிய கோடுகளாக இழுத்து, குளிர வைத்து, உரித்தெடுங்கள். கோடு மெல்லியதாக இருந்தால் செருகும்போது ஒடியும், தடிமனாகவே இழுங்கள். ஒரு சிலந்திக்கு எட்டு என்றால் பத்தாகச் செய்து வையுங்கள். உருண்டையில் முதலில் குச்சியால் துளையிட்டு, பிறகு காலைச் செருகுங்கள்.

பெரும்பாலான சிலந்திகளுக்குக் கண்களும் எட்டுதான். தாவும் சிலந்திகளுக்கு முன்பக்கம் இரண்டு கண்கள் மட்டும் மிகப் பெரிதாக இருக்கும். அதையே இங்கே செய்து பாருங்கள்: செய்து வைத்த கண்களில் இரண்டை முன்னால் ஒட்டி, மேலேயும் பக்கத்திலும் வெள்ளை சாக்லேட்டால் ஆறு புள்ளிகள். தட்டில் பார்ப்பவர்கள் கையை ஒரு கணம் பின்னுக்கு இழுப்பார்கள்.

வலை சாக்லேட்

இது பத்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பத்து நிமிடமும் இடைவிடாமல் செய்ய வேண்டும். 200 கிராம் டார்க் சாக்லேட்டை உருக்கிப் பட்டர் பேப்பரில் அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். அது இறுகுவதற்குள், நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டும் அதைச் சுற்றி நான்கைந்து வட்டங்களும் வரையுங்கள். பல்குத்தும் குச்சியை நடுவில் வைத்து ஓரத்தை நோக்கி எட்டுத் திசைகளில் இழுங்கள். வட்டங்கள் உள்வாங்கிச் சிலந்தி வலையாகும். ஒவ்வொரு இழுப்புக்கும் முன் குச்சியைத் துடைக்காவிட்டால் வெள்ளையும் கறுப்பும் கலங்கிப்போகும். இறுகியதும் கையால் ஒழுங்கற்ற துண்டுகளாக உடையுங்கள். கத்தியால் சதுரமாக வெட்டினால் வலையின் அழகு போய்விடும்.

கல்லறைக் கோப்பை

சர்க்கரை 75 கிராம், கோக்கோ மூன்று மேசைக்கரண்டி, சோள மாவு மூன்று மேசைக்கரண்டி. இவற்றைக் கொஞ்சம் குளிர்ந்த பாலில் கட்டியில்லாமல் கரைத்து, மீதிப் பாலோடு சேர்த்து, மிதமான தீயில் விடாமல் கிளறுங்கள். கெட்டியாகிக் குமிழ் வந்தபின் இன்னும் ஒரு நிமிடம் வேகவிட்டால்தான் மாவு வாசனை போகும். எட்டுச் சிறு கோப்பைகளில் ஊற்றி, மேலே ஆடை கட்டாமலிருக்க ஒட்டியபடி பட்டர் பேப்பர் போட்டு, ஃபிரிட்ஜில் வையுங்கள். பரிமாறும் முன் பேப்பரை எடுத்துவிட்டு, மீதமுள்ள சாக்லேட் பிஸ்கட்டை நொறுக்கி மண்ணாகத் தூவி, நீள்வட்ட பிஸ்கட்டில் பெயர் எழுதி மூன்றில் ஒரு பங்கு புதையும்படி நடுங்கள். முன்பே நட்டால் பிஸ்கட் நமுத்துச் சாய்ந்துவிடும். மண்ணுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் மட்டும் வெளியே தெரியட்டும், அது போதும்.

எதை எப்போது செய்வது

கண்கள், மம்மி பிஸ்கட், வலை சாக்லேட் மூன்றையும் இரண்டு நாள் முன்பே செய்து, காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத இடத்தில் வைக்கலாம். சிலந்தி உருண்டைகளை முதல் நாள் செய்து ஃபிரிட்ஜில் வைத்து, கால்களை மட்டும் அன்று செருகுங்கள். புட்டிங்கும் வாழைப்பழமும் முதல் நாள் இரவே ஆகட்டும்.

விருந்துக்கு வருபவர்களின் ஒவ்வாமையைப் பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இவை எல்லாவற்றிலும் பால் இருக்கிறது, பிஸ்கட்டில் கோதுமை. பல சாக்லேட்டுகளில் சோயா லெசித்தினும் இருக்கும், கொட்டைப் பருப்புகளின் துகள் கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் ஒரு சிறு அட்டையில் இதை எழுதி வையுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு உருண்டையை முழுதாகக் கொடுக்காமல் நான்காக வெட்டிக் கொடுங்கள், தொண்டையில் அடைக்காது. வேலை முடிந்ததும் பல்குத்தும் குச்சிகளை எண்ணி எடுத்துவிடுங்கள். உடைந்த முனை எதுவும் உருண்டைக்குள் தங்கிவிடக்கூடாது.

பையில் மிச்சமான சாக்லேட்டைப் பட்டர் பேப்பரில் மெல்லியதாகப் பரப்பி இறுக விடுங்கள். தண்ணீர் படாமல் வைத்திருந்தால் அடுத்த முறை அப்படியே உருக்கிக்கொள்ளலாம்.