பைக் பாகங்களுக்கு எந்தப் பூச்சு?

பழைய புல்லட்டைப் பிரித்துப் போட்டதும் எல்லாவற்றையும் பவுடர் கோட்டிங்குக்கு (பெயின்ட் பொடியைத் தூவி அடுப்பில் உருக்கிப் பிடிக்க வைக்கும் பூச்சு) அனுப்பிவிடாதீர்கள். சேஸிஸ், ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை), ஸ்டாண்டு ஆகியவற்றுக்கு அதுதான் சரி: 60 முதல் 80 மைக்ரான் கனம், கல் பட்டாலும் எளிதில் பெயராது. ஆனால் அது அடுப்பில் சுமார் 180–200 டிகிரியில் வேக வேண்டும். ரப்பர் புஷ், பேரிங் எல்லாவற்றையும் முன்பே கழற்றிவிடுங்கள். மரை, பேரிங் உட்காரும் இடம், எர்த் ஒயர் முனை மூன்றையும் மறைக்கச் சொல்லுங்கள். மறைக்காவிட்டால் பேரிங் உள்ளே இறங்காது, எர்த்தும் கிடைக்காது.

பவுடர் உரிவதற்குப் பெரும்பாலும் அடித்தளமே காரணம். பிளாஸ்டிங் செய்த (மணல் போன்ற துகளை வேகமாக அடித்துச் சுத்தம் செய்த) இரும்பை வெறும் கையால் தொடாதீர்கள்; விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு பிடிக்காது. அன்றைக்கே பூசிவிடுங்கள், சென்னை ஈரக்காற்றில் ஒரே இரவில் துரு பூக்கும்.

டேங்கில் சாதாரண பட்டி இருந்தால் அடுப்புச் சூட்டில் கொப்பளிக்கும். அதனால் டேங்குக்கு எபாக்சி பிரைமர், மேலே ஹார்டனர் கலந்த 2கே பியூ (இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன்) பெயின்ட், கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட். ஸ்ப்ரே டப்பா பெயின்ட் பெட்ரோல் சிந்தினால் கரையும்.

சைலன்சர் பெண்டு பைப்புக்குச் சாதாரண பவுடர் தாங்காது. 600 டிகிரி தாங்கும் சிலிகான் பெயின்ட்டை மெல்லிசாக இரண்டு கோட் அடியுங்கள். டப்பாவில் சொன்னபடி படிப்படியாகச் சூடேற்றினால்தான் இறுகும். கனமாக அடித்தால் கொப்பளிக்கும்.

போல்ட்டுக்கு ஜிங்க் பிளேட்டிங் போதும். தலையில் 10.9, 12.9 என்று வலிமை எண் போட்ட போல்ட்டுகளைப் பிளேட்டிங்குக்குக் கொடுக்கவே வேண்டாம்: அப்போது இரும்புக்குள் ஹைட்ரஜன் புகுந்து, முறுக்கிய பிறகு உடையலாம். புதிதாக வாங்குங்கள்.