செடி குளிரைத் தாங்குவதை ஆராயும்போது எங்கே சறுக்குகிறோம்?

'செடிக்குள் ஆண்டிஃப்ரீஸ் மாதிரி ஒன்று இருக்கிறது, அதனால் உறையாது' என்று செமினாரில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். தயவுசெய்து இதை முதலில் விடுங்கள். உறைபனியைத் தாங்கும் செடிகளில் பெரும்பாலானவற்றில் ஐஸ் உண்டாகத்தான் செய்கிறது, ஆனால் செல்லுக்கு வெளியே, செல்களுக்கு நடுவிலுள்ள இடத்தில். அந்த ஐஸ் செல்லுக்குள்ளிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே போகும், மைனஸ் 10 டிகிரிக்கு வரும்போது 90 சதவீதத்துக்கும் மேல் வெளியேறியிருக்கும். அதாவது செடி சமாளிப்பது பெருமளவுக்கு வறட்சியை. செல் சுருங்கும்போது சவ்வுகள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, சாவு அங்கேதான் தொடங்குகிறது. சர்க்கரை சேர்வதும் ஒளிச்சேர்க்கை நடக்கும் குளோரோபிளாஸ்டில் சிஓஆர்15ஏ என்ற குளிர்காலப் புரதம் சேர்வதும் சவ்வைக் காப்பாற்றத்தான். ஐஸோடு ஒட்டும் புரதங்கள் ரை என்ற தானியச் செடியில் நிஜமாகவே உண்டு. ஆனால் அவை உறைநிலையை ஒரு டிகிரிகூடக் குறைப்பதில்லை, ஐஸ் படிகங்கள் பெரிதாகாமல் தடுப்பதுதான் அவற்றின் முக்கிய வேலை.

அடுத்தது, குளிர் பட்டதும் மற்ற தற்காப்பு மரபணுக்களை முடுக்கிவிடும் சிபிஎஃப் மரபணு இருந்தால் செடி தாங்கும் என்று முடிவுகட்டுவது. தக்காளியிலும் அது இருக்கிறது, குளிரில் தூண்டவும் படுகிறது, ஆனாலும் தக்காளி 10 டிகிரிக்குக் கீழே போனாலே பாதிக்கப்படும்.

சோதனையில் நடக்கும் சொதப்பல்தான் என்னைக் கடுப்பேற்றுவது. ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கும் அரபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியின் இலையைக் குழாயில் போட்டு நேரே மைனஸ் 6க்கு இறக்கிவிடுகிறார்கள். தண்ணீர் மீக்குளிர்ந்து, அதாவது உறைநிலைக்குக் கீழே போயும் திரவமாகவே இருந்து, அப்புறம் திடீரென்று செல்லுக்குள்ளேயே உறைந்துவிடும், எந்த ரகமாக இருந்தாலும் செத்துப்போகும். மைனஸ் 1 அல்லது 2 டிகிரியில் குழாய்க்குள் ஒரு துண்டு ஐஸைப் போட்டு, இலையில் உறைதல் தொடங்கிய பிறகு மெதுவாகக் குறைக்க வேண்டும். செடியை முன்னதாகச் சில நாள் 4 டிகிரியில் பழக்கினீர்களா இல்லையா என்பதையும் எழுதுங்கள். பழகாதது மைனஸ் 5 வாக்கில் சாகும், பழகியது இன்னும் சில டிகிரி கீழே போகும்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். செடி வளரும் அறையில் காலை விளக்கு போட்டு 4 மணி நேரத்தில் குளிர் காட்டினால் சிபிஎஃப் மரபணுவின் இயக்கம் எகிறும், அதே குளிரை விளக்கு போட்டு 16 மணி நேரம் கழித்துக் காட்டினால் அவ்வளவு ஏறாது, செடியின் உள்கடிகாரம் அப்படி. மாதிரியைக் குளிரறைக்குள்ளேயே திரவ நைட்ரஜனில் போட்டுவிடுங்கள். தட்டை வெளியே எடுத்துவந்து ஆற அமர இலை பறித்தால், அந்த மரபணுவின் இயக்கத்தைக் காட்டும் சிபிஎஃப் ஆர்என்ஏ பத்து நிமிடத்துக்குள் பாதியாகிவிடும்.