லினக்ஸில் உளறிய பிரெயில் நிரல்

தமிழ் உரையைப் பிரெயிலாக மாற்றி எம்பாஸரில் (தாளில் புள்ளிகளைப் புடைக்க வைக்கும் அச்சுப்பொறியில்) அச்சிட, பைத்தானில் ஒரு சின்ன நிரல் வைத்திருக்கிறேன். மாற்றும் வேலையைச் செய்வது லிப்லூயி. என்விடிஏ திரைவாசிப்பான் பயன்படுத்தும் அதே சி மொழி நூலகம். தமிழுக்கான அட்டவணையும் அதிலேயே உண்டு.

விண்டோஸில் எல்லாம் சரி. லினக்ஸில் லிப்லூயியை நானே கம்பைல் செய்து ஓட்டினால், ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் ஒரு குப்பை வந்தது. நினைவகத்தைப் பைட் பைட்டாக அச்சிட்டுப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. 'க' என்பது 95 0B 00 00 என்று கிடந்தது. சி நூலகங்களை அழைக்க உதவும் பைத்தானின் சிடைப்ஸ், லினக்ஸில் ஓர் எழுத்துக்கு 4 பைட் அனுப்புகிறது. லிப்லூயியோ இயல்பாக 2 பைட்டுக்குத்தான் கம்பைல் ஆகும். மிச்சம் இரண்டு சுழியத்தையும் அது தனி எழுத்தாகப் படித்திருக்கிறது. விண்டோஸில் இரண்டு பக்கமும் 2 பைட் என்பதால் வண்டி ஓடியது.

எந்த இயங்குதளம் என்று பார்த்து முடிவெடுப்பது வீண் வேலை. எழுத்துக்கு எத்தனை பைட் என்று சொல்லும் ஃபங்ஷன் லிப்லூயியிலேயே இருக்கிறது. அதைக் கேட்டு, 2 என்றால் யுடிஎஃப்-16, 4 என்றால் யுடிஎஃப்-32 எனக் குறியாக்கத்தை மாற்றி அனுப்பினேன். குப்பை போய்விட்டது.

அப்புறம் எம்பாஸர். லினக்ஸில் எழுதிய பிஆர்எஃப் கோப்பில் (அச்சுக்குத் தயாரான பிரெயில் கோப்பு) வரி முடிவுக்கு எல்எஃப் (அடுத்த வரிக்கு இறங்கு) மட்டும்தான். என் எம்பாஸருக்கோ எல்எஃபுக்கு முன்னால் சிஆரும் (வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு) வேண்டும். இல்லாவிட்டால் வரிகள் படிக்கட்டு மாதிரி இறங்கின. கோப்பைத் திறக்கும்போதே சிஆர்எல்எஃப் என்று குறிப்பிட்டதும் வரிக்கு 40 கட்டம், பக்கத்துக்கு 25 வரி என ஒழுங்காக விழுந்தது. மேக்கிலும் சிடைப்ஸுக்கு 4 பைட்தான் என்பதால் இதே நிரல் அங்கேயும் செல்லும்.