ஆசனவாய் வெடிப்புக்குக் களிம்பு பூசுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் மருந்தாளுநராகப் பல ஆண்டுகள் பணியாற்றி வருகிறேன். கடையில் புதிதாகச் சேரும் உதவியாளர்களும், முதன்முறையாக இந்த நோயோடு வருபவர்களும், நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கண்ட அதே தவறுகளை இன்றும் செய்வதைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன். கை கழுவுவது, காலாவதித் தேதியைப் பார்ப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

‘மூலத்துக்கு ஒரு ட்யூப்’ என்று கேட்டு வாங்குவது

நம் ஊரில் ஆசனவாயில் வலித்தாலும், எரிந்தாலும், இரத்தம் வந்தாலும் அதற்கு மூலம் என்றே பெயர். மின்சார ரயில் பெட்டிகளிலும் மேம்பாலத் தூண்களிலும் ஒட்டப்பட்டிருக்கும் விளம்பரங்கள் மூலத்தையும் பௌத்திரத்தையும் மட்டுமே சொல்வதால், வெடிப்பு என்று தனியாக ஒரு நோய் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. மூலம் என்பது இரத்தக்குழாய்த் திசுக்களின் வீக்கம். பெரும்பாலும் வலியின்றி இரத்தம் வரும். வெடிப்பு என்பது இறுகிய மலம் கடந்து செல்லும்போது ஆசனவாயின் உள்தோல் கிழிவது. பெரும்பாலானோருக்கு இது பின்பக்க நடுக்கோட்டில் ஏற்படும். மலம் கழிக்கும்போது பிளேடால் கீறுவது போன்ற வலியும், அதன் பிறகு சில மணி நேரம் நீடிக்கும் எரிச்சலும் இதன் அடையாளங்கள்.

அந்தக் கிழிசல் எளிதில் ஆறாததற்குக் காரணம், ஆசனவாயை மூடி வைத்திருக்கும் உட்சுருக்குத் தசை. வலியால் அது இறுகுகிறது. இறுகினால் காயத்துக்கு வரும் இரத்தம் குறைகிறது. இரத்தம் குறைந்தால் காயம் ஆறாமல் வலி தொடர்கிறது. ஆகவே மருத்துவர்கள் இதற்கு எழுதித் தரும் முக்கியமான களிம்புகள், அதாவது 2 சதவீத டில்டியாசெம், நைஃபெடிபின், 0.2 சதவீத நைட்ரோகிளிசரின் ஆகியவை, எல்லாம் அந்தத் தசையைத் தளர்த்தி இரத்த ஓட்டத்தைக் கூட்டுபவை.

மூலத்துக்கென்று கடைகளில் விற்கும் ட்யூபுகள் பலவற்றில் இருப்பவை வேறு: பீக்ளோமெத்தசோன் அல்லது ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு ஒன்று, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன், சிலவற்றில் இரத்தக்குழாயைச் சுருக்கும் பினைலெஃப்ரின். இரத்த ஓட்டம் கூட வேண்டிய இடத்தில், குழாயைச் சுருக்கும் மருந்துக்கு என்ன வேலை? லிக்னோகெய்ன் வலியைச் சிறிது நேரம் மறைக்குமே தவிர, இறுகிய தசையைத் தளர்த்திக் காயத்தை ஆற்றாது. ஸ்டீராய்டை ஓரிரு வாரங்களுக்கு மேல் பூசினால் தோல் மெலிந்து எளிதில் கிழியும். பூஞ்சைத் தொற்றும் வரலாம்.

பெரம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆசிரியையை நான் மறக்கவில்லை. மருத்துவரிடம் காட்டக் கூச்சப்பட்டுக் கணவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டருகே ஒரு கடையில் “மூலத்துக்குக் கொடுங்கள்” என்று கேட்க, எந்தக் கேள்வியும் இல்லாமல் ஸ்டீராய்டு கலந்த ட்யூபைக் கொடுத்திருக்கிறார்கள். பூசியதும் மரத்துப்போனதால் மருந்து வேலை செய்கிறது என்று அவர் நம்பினார். தீரத்தீர வாங்கி மாதக்கணக்கில் பூசினார். கடைசியில் அறுவைச் சிகிச்சை நிபுணர் பார்த்தபோது, வெடிப்பு நாட்பட்டதாகி அதன் ஓரத்தில் சதைத் துணுக்கு வளர்ந்திருந்தது. சுற்றியுள்ள தோல் சிவந்து மெலிந்திருந்தது. நிபுணர் எழுதிய சீட்டோடு என்னிடம் வந்தவர், “வலி போகுதே சார், அப்போ மருந்து சரின்னுதானே நினைப்போம்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. விற்பவர் ஒரு நிமிடம் ஒதுக்கிக் கேட்டிருந்தால் அந்த அம்மாவுக்கு அத்தனை மாத வேதனை வந்திருக்காது என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. நான் சேர்த்துக்கொள்ளும் உதவியாளர் ஒவ்வொருவரிடமும் இதைத்தான் முதலில் வலியுறுத்துகிறேன்: வலியா, இரத்தம் மட்டுமா, எவ்வளவு நாளாக, மருத்துவர் பார்த்தாரா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்காமல் அந்த ட்யூபை அலமாரியிலிருந்து எடுக்கவே கூடாது. பின்னால் வரிசை நிற்கிறது என்றால் வாடிக்கையாளரை ஓரமாக அழைத்துத் தாழ்ந்த குரலில் கேளுங்கள். பலர் உண்மையைச் சொல்லாததற்குக் காரணம் அருகில் நிற்கும் அந்நியர்கள்தாம்.

வீட்டில் மைத்துனருக்கு வாங்கி மீந்த ட்யூபைப் பூசுவதும் இதே தவறுதான்.

நைட்ரோகிளிசரின் பூசுகிறோம் என்பதை மறைப்பது

இது பூச்சு மருந்துதானே என்று யாரும் எண்ண வேண்டாம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் அதே மருந்துதான் இது. ஆசனவாயின் வழியாகவும் இரத்தத்தில் கலக்கும். ஆண்மைக் குறைவுக்காகச் சில்டனாஃபில், டடாலாஃபில் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர் இந்தக் களிம்பைப் பூசினால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். ‘எப்போதாவது ஒன்று’ என்பவருக்கும் இது பொருந்தும். கூச்சத்தால் மருத்துவரிடம் சொல்லாதவர்கள், பெயரைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் மாத்திரை அட்டையையாவது காட்டுங்கள். மாற்றாக வேறு களிம்பு எழுதித் தருவார். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இதைப் பூசுவோரில் பலருக்குத் தலைவலி வரும். அது மருந்தின் இயல்பான விளைவு. முதல் சில நாள்கள் படுத்த நிலையில் பூசிக்கொண்டு, சட்டென எழாமல் மெதுவாக எழுந்தால் தலைசுற்றல் குறையும். தலைவலி தாங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் கேட்டு, தலைவலி குறைவாகத் தரும் டில்டியாசெமுக்கு மாறுங்கள். நீங்களாகவே அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் கூடாது.

வலி நின்றதும் நிறுத்திவிடுவது

வலி சில நாள்களிலேயே குறையும். காயம் அப்போது பாதிகூட ஆறியிருக்காது. மருத்துவர் ஆறு முதல் எட்டு வாரம் என்று எழுதியிருந்தால் அதை முழுமையாகப் பூச வேண்டும். முதல் ட்யூப் தீர்ந்ததும் திரும்பி வராதவர்கள், அடுத்து ஒருமுறை மலம் இறுகியதும் அதே வலியோடு வருவதை நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

ட்யூபின் நீண்ட முனையை உள்ளே செலுத்துவது

வேண்டாம். உறை அணிந்த விரல் நுனியில் பட்டாணி அளவு எடுத்து, ஆசனவாயின் விளிம்பிலும் சுமார் ஒரு சென்டிமீட்டர் உள்ளேயும் தடவினால் போதும். உறை இல்லாவிட்டால் நைட்ரோகிளிசரின் விரல் தோல் வழியாகவும் உடலில் சேரும்.

வெந்நீரில் கிருமிநாசினியைக் கலப்பது

எரிச்சலைக் கூட்டும். வெறும் வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, மென்மையாக ஒற்றித் துடைத்த பின் களிம்பைப் பூசுங்கள்.

களிம்பை மட்டும் நம்புவது

மலம் இறுகியே இருந்தால் ஆறத் தொடங்கிய காயம் தினமும் மறுபடி கிழியும். எனவே கீரை, காய்கறி, பழங்களோடு தேவையானால் இசப்கோலும் சேர்க்க வேண்டும். இசப்கோலை ஒரு பெரிய தம்ளர் நீரோடு குடித்து, பகல் முழுவதும் நீரை விடாமல் பருக வேண்டும். நீர் போதாமல் போனால் அதுவே மலத்தை அடைத்துவிடும். சென்னைக் கோடையில் வியர்வையில் நிறைய நீர் போவதால் இதில் கவனம் கூடுதலாகத் தேவை. கழிப்பறையில் செல்பேசியோடு நெடுநேரம் முக்கிக்கொண்டு உட்காருவதையும் நிறுத்துங்கள்.

கத்திரி வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைப்பது

ட்யூபின் மேல் அச்சிட்ட வெப்ப அளவைப் பாருங்கள்.

எட்டு வாரம் கடந்தும் அதே களிம்பைத் தொடர்வது

களிம்பு எல்லோருக்கும் பலன் தருவதில்லை. ஆறாத வெடிப்புக்குத் தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசியும், உட்சுருக்குத் தசையின் ஒரு பகுதியை வெட்டித் தளர்த்தும் சிறு அறுவைச் சிகிச்சையும் உள்ளன. நடுக்கோட்டை விட்டுப் பக்கவாட்டில் இருக்கும் வெடிப்பு, சீழ், காய்ச்சல், எடை குறைவு, மலத்தோடு கலந்து வரும் இரத்தம், நடுத்தர வயதைக் கடந்தவருக்குப் புதிதாகத் தோன்றும் இரத்தப்போக்கு ஆகியவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. காசநோய், குரோன் என்னும் குடல் அழற்சி நோய், புற்றுநோய் போன்றவை இல்லை என்று உறுதிசெய்ய வேண்டியிருக்கும்.

ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை ஆகிய அரசு மருத்துவமனைகளில் பொது அறுவைச் சிகிச்சைப் புறநோயாளர் பிரிவில் இதைக் காட்டலாம். பெண்கள் பெண் மருத்துவரைக் கேட்கத் தயங்க வேண்டாம். போகும்போது அதுவரை பூசிய ட்யூபுகள் எல்லாவற்றையும், காலியானவற்றையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். எந்த ஸ்டீராய்டு எவ்வளவு நாள் பூசப்பட்டது என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.