கதிரியக்க விபத்தின்போது காற்று மாதிரி எடுத்தல்: குமரி மேற்குக் கரைக்கு

நீரோடி முதல் மணவாளக்குறிச்சி வரையான கரையில் மாதிரி எடுப்பவர்களை முதலில் ஏமாற்றுவது அணு உலையல்ல, மணல்தான். அதிலுள்ள மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அதிலிருந்து வரும் தோரான் என்ற கதிரியக்க வாயு சிதைந்து உண்டாகும் தனிமங்கள் (வழித்தோன்றல்கள்) காற்றை வடிக்கும் தாளில் (வடிதாளில்) ஒட்டிக்கொண்டு, விபத்தின் கதிரியக்கம்போலத் தோன்றும்.

காற்றை இழுக்கும் உறிஞ்சியைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், ஜெனரேட்டர் புகை வராத பக்கம் வையுங்கள். முன்னால் கண்ணாடியிழை வடிதாள், பின்னால் வாயுவாக வரும் அயோடினைப் பிடிக்கும் குப்பி. குப்பியின் அம்புக்குறி காற்று போகும் திசையில் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 50 லிட்டர், 20 நிமிடம்: ஒரு கன மீட்டர். உப்புச்சாரல் தாளை அடைத்து ஓட்டத்தைக் குறைக்கும். ஆகவே தொடக்க, முடிவு அளவுகளைக் குறித்துச் சராசரி எடுங்கள்.

குப்பியில் கரியைவிட, வெள்ளி ஏற்றிய சியோலைட் (நுண்துளைக் கனிமம்) நல்லது. கரி, உலையிலிருந்து வரும் செனான் என்ற கதிரியக்க வாயுவையும் பிடித்துவைத்து, அயோடினை உள்ளதைவிட அதிகமாகக் காட்டிவிடும். வெள்ளி விலை கூடுதல்தான், ஆனாலும் விபத்து நேரத்தில் இதில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

தாளையும் குப்பியையும் தனித்தனிப் பையில் போட்டு, உலையிலிருந்து வரும் கதிரியக்கப் புகைமேகத்துக்கு வெளியே வந்த பிறகே அளவிடுங்கள். காற்றில் இயல்பாகவே உள்ள ரேடான் வாயுவின் வழித்தோன்றல்கள் மூன்று, நான்கு மணி நேரத்தில் அடங்கும். தோரானின் வழித்தோன்றலான ஈயம்-212 அதற்குள் அடங்காது. அதன் அரை ஆயுள் 10.6 மணி நேரம். சாதாரண கதிர்வீச்சு எண்ணி இந்த ஈயத்தையும் விபத்தில் வரும் அயோடினையும் பிரித்துச் சொல்லாது. காமா கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியில் ஈயம்-212 239 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலும் (keV), அயோடின்-131 364 keV-யிலும் தனித்தனியே தெரியும்.

அமைதியான நாளிலேயே இதே இடங்களில் மாதிரி எடுத்து, இயல்பு அளவைக் குறித்து வைத்திருங்கள்.