அடுக்குமொழி வசனத்தை மூச்சு முட்டாமல் பேச

முட்டம் கடற்கரையில் ஒரு குறும்படம் எடுத்தோம். மீனவர் மகனாக, கடன் கொடுத்தவர் வாசலில் நான் பேச வேண்டியது இது:

"பொங்கும் கடலுக்குப் புறமுதுகு காட்டாத என் தகப்பன், பசி வந்த நாளிலும் பதறாத என் தாய், இன்று பட்ட கடனுக்காக உன் படியேறி நிற்கிறார்கள்!"

பதினோரு டேக் போனது. 'படியேறி' வரும்போதே காற்று தீர்ந்து, 'நிற்கிறார்கள்' முனகலாகிவிடும்.

முதலில் வசனத்தைக் கையால் எழுதுங்கள். போனைப் பார்த்து மனப்பாடம் செய்தால் நிறுத்தங்கள் மனதில் பதிவதில்லை; நோட்டும் பென்சிலும்தான் என் தேர்வு. பிறகு வினைமுற்றை வட்டமிடுங்கள். இவ்வளவு அடுக்கியதும் 'நிற்கிறார்கள்' என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான். அதுவரை குரல் இறங்கக்கூடாது.

அடுத்தது மூச்சு. நான் சறுக்கியது இங்கேதான். காற்புள்ளி கண்ட இடமெல்லாம் மூச்சு இழுத்தேன், தோள் ஏறி இறங்குவது குளோசப்பில் அப்படியே தெரிந்தது. இப்போது 'தகப்பன்' முடிந்ததும் நிறுத்தம் மட்டும். 'தாய்' முடிந்ததும் வாயை லேசாகத் திறந்து வயிறு நிறைய இழுக்கிறேன். அடுத்ததைச் சொல்ல மகனுக்கே வாய் வராத இடம் அது. அங்கே மூச்சும் நடிப்பாகிவிடுகிறது.

மோனைக்காக எல்லா 'ப'வையும் குத்தாதீர்கள். 'படியேறி' ஒன்றில் அழுத்தினால் போதும். 'ப' சொல்லும்போது வரும் காற்று மைக்கில் 'டப்' என்று அடிக்கும், அதனால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள்.

1952-இல் வந்த 'பராசக்தி' நீதிமன்றக் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மு. கருணாநிதியின் வசனம், சிவாஜி கணேசனின் முதல் படம். தாழ்த்திப் பேசி, பிறகு ஏறுவதைக் கவனியுங்கள். சிவாஜியும் நம்ம நாகர்கோவில் என்.எஸ். கிருஷ்ணனும் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்கள். கடைசி வரிசைக்கும் கேட்கப் பேசிப் பழகிய குரல்கள். நமக்கு மைக் இருக்கிறது, அந்தச் சத்தம் வேண்டாம். அந்தத் தெளிவு கட்டாயம் வேண்டும்.

பின்சேர்க்கை: வசனக் கடைசியில் ஊர்ப்பேச்சு இழுப்பு வந்துவிடுகிறது என்று மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். அதை அடக்க வேண்டாம். முதலில் வீட்டுப் பேச்சிலேயே சொல்லுங்கள்: "கடலுக்கே பயப்படாத எங்கப்பா, இண்ணைக்கு ஒனக்க வாசல்ல வந்து நிக்காவ." தொண்டை அடைக்கும்வரை சொல்லிவிட்டு, அதே சூட்டோடு எழுத்து வசனத்துக்கு வாருங்கள். அப்போதும் இழுத்தால், 'நிற்கிறார்கள்' என்பதை மட்டும் தனியாகச் சொல்லி, கடைசி 'ள்'ளில் நாக்கை மேலண்ணத்திலேயே நிறுத்திப் பழகுங்கள்.