காரிலும் பைக்கிலும் ஜிபிஎஸ்: முதல்முறை பயன்படுத்துபவர்களுக்கு

ஜிபிஎஸ் கருவியை வாங்கியதும் வண்டியில் மாட்டிவிட்டு, ஓட்டிக்கொண்டே கற்றுக்கொள்ளலாம் என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் நகர்கிறது. மூன்று நொடி திரையைப் பார்த்தால் 50 மீட்டர் சாலையை நீங்கள் பார்க்கவே இல்லை. அதனால் கீழே சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவை வண்டி நிற்கும்போதே முடிக்க வேண்டியவை. தனிக் கருவி, செல்போன் இரண்டுக்கும் இது பொருந்தும்.

1. மாட்டும் இடம்

காரில் முன் கண்ணாடியின் கீழ் ஓரமோ டேஷ்போர்டின் மேற்பகுதியோ நல்ல இடம். சாலை மறையக் கூடாது. ஏர்பேக் மூடி மேல் எதையும் ஒட்டக் கூடாது. விரியும்போது அது முகத்தை நோக்கி வீசியடிக்கும். சில கார்களின் கண்ணாடியில் வெயிலைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். அது சிக்னலையும் தடுக்கும். கருவி வெளியில் வேலை செய்து, காருக்குள் மட்டும் திணறினால் இதுதான் காரணமா என்று பாருங்கள்.

பைக்கில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். ஹேண்டில்பாரின் நடுவில், ஸ்பீடோமீட்டரை மறைக்காமல் மாட்டுங்கள். இருபக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஒயர் இழுபடக் கூடாது. செல்போன் என்றால் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த ஸ்டாண்டு அவசியம். படம் நடுங்காமல் இருப்பதற்காக இப்போதைய போன் கேமராக்களுக்குள் அசையும் பாகங்கள் இருக்கின்றன. அதிக சக்தி கொண்ட பைக் எஞ்சினின் அதிர்வு அவற்றைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது.

2. மின்சாரம்

காரில் 12 வோல்ட் சாக்கெட் போதும். பைக்கில் பேட்டரியிலிருந்து ஒயர் எடுத்தால் நடுவில் ஃபியூஸ் இருக்கட்டும். சாவியை அணைத்தால் சார்ஜரும் அணைகிற மாதிரி இணைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நிறுத்தி வைத்த நாட்களிலும் அது பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். மழையில் நனைந்த போனைச் சார்ஜில் போடாதீர்கள்.

3. வானத்தைப் பார்க்க விடுங்கள்

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நம் இடத்தைக் கணக்கிட, குறைந்தது நான்கின் சிக்னலாவது வேண்டும். ஒவ்வொன்றும் தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை அனுப்பும். எல்லாச் செயற்கைக்கோள்களின் பொது அட்டவணையும் முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். பல மாதம் அணைந்து கிடந்த கருவி முதல்முறை தடுமாறுவது இதனால்தான். அதைத் திறந்தவெளியில் கால் மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். செல்போன் இந்த விவரங்களை இணையம் வழியே எடுத்துக்கொள்வதால் சீக்கிரம் தயாராகிவிடும்.

4. ஒருமுறை செய்யும் அமைப்புகள்

நெட்வொர்க் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்; ஆனால் செல்போனில் மேப் வராது. போகும் பகுதியின் ஆஃப்லைன் மேப்பை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். வண்டி வகை கேட்டால் கார், பைக் என்று சரியாகக் கொடுங்கள்.

அப்புறம், 'குறைந்த தூரம்' என்பதைவிட 'குறைந்த நேரம்' நல்லது. என் முதல் நீண்ட பைக் பயணத்தில் குறைந்த தூரத்தை வைத்திருந்தேன். 4 கிலோமீட்டர் மிச்சமாகும் என்று அது காட்டிய வழி, தார் முடிந்து ஜல்லியும் சேறுமாக மாறியது. இருட்டில் திரும்பி வர ஒரு மணி நேரமானது. மண்சாலையைத் தவிர்க்கும் வசதி இருந்தால் அன்றிலிருந்து முதலில் அதைத்தான் ஆன் செய்கிறேன்.

5. ஊர் பெயர் போட்ட பிறகு

உடனே கிளம்பாதீர்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. மொத்தத் தூரம் நீங்கள் நினைத்ததோடு ஒத்துப்போகிறதா, முழு வழி எந்தெந்த ஊர்கள் வழியாகப் போகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். யாராவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக அனுப்பினால் அட்சரேகையை முதலில் போடுங்கள். தசமப் புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் இருந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை இடத்தைக் குறிக்கும்.

6. ஓடும்போது

கண்ணைவிடக் காதை நம்புங்கள். காரில் குரல் போதும். பைக்கில் ஹெல்மெட்டுக்குள் பொருத்தும் ப்ளூடூத் ஸ்பீக்கர் நல்லது. ஹாரன் காதில் விழும் அளவுக்கு மட்டும் சத்தம் வையுங்கள். உங்கள் பகுதிச் சட்டம் அதை அனுமதிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது அம்புக்குறி தப்பான பக்கம் காட்டினால் பயப்பட வேண்டாம். நகர்ந்தால்தான் ஜிபிஎஸ்ஸுக்குத் திசை சரியாகத் தெரியும். சில மீட்டர் போனதும் சரியாகிவிடும். உயரமான கட்டடங்களுக்கு நடுவில் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் பக்கத்துத் தெருவில் இருப்பதாகக் காட்டலாம். மேம்பாலத்தின் மேலே இருக்கிறோமா, கீழே இருக்கிறோமா என்பதிலும் குழம்பும். அந்த இடங்களில் வழிகாட்டிப் பலகையைப் பாருங்கள்.

திருப்பத்தைத் தவறவிட்டால் நேராகப் போங்கள். கருவி புது வழி போட்டுக்கொள்ளும். திடீர் பிரேக்கும் அவசர யூ-டர்னும் வேண்டவே வேண்டாம். எதையாவது மாற்ற வேண்டுமானால் ஓரமாக நிறுத்துங்கள். நனைந்த திரையும் கையுறையும் சேர்ந்தால் தொடுதிரை கேட்பதில்லை என்பதால், பைக்கில் இது இன்னும் முக்கியம்.

முதல் இரண்டு மூன்று தடவை நன்றாகத் தெரிந்த வழியில் ஓட்டிப் பாருங்கள். "இடதுபுறம் திரும்பவும்" என்ற குரல் திருப்பத்துக்கு எவ்வளவு முன்னால் வருகிறது என்பது அப்போது பிடிபடும்.

இறங்கும்போது கருவியைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். வெயிலில் மூடிக் கிடக்கும் காரின் சூடு பேட்டரியை உப்ப வைத்துவிடும்.